பொறையும் பொறுப்பும்: ஒரு டிராயிங்கை வாசித்தல்

பிரதி என்றும் வாசிப்பு என்றும் நிறையப் பேசியாயிற்று. கவிதை, நாவல் தாண்டி சினிமா, விளம்பரம், தலபுராணம், தெருக்கூத்து எல்லாமே பிரதிகள்தான் என்று ஏற்றுக்கொண்டும் விட்டோம். ஆனால் நம் ஊர் லேத் பட்டறைகளில் தினமும் வாசிக்கப்படுகிற, வாசிப்பில் மயிரிழை பிசகினால் வாசித்தவனின் கூலியில் கைவைக்கிற ஒரு பிரதியைப் பற்றி நாம் பேசியதில்லை. எந்திர உதிரிபாகங்களுக்குப் போட்டுத் தருகிற டிராயிங்கைச் சொல்கிறேன். இலக்கியப் பிரதியைத் தப்பாக வாசித்தால் அதிகபட்சம் அடுத்த இதழில் நாலு பேர் திட்டுவார்கள். இங்கே ரிஜெக்‌ஷன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன ஜோலி என்று கேட்கலாம். செங்கம் ரோட்டில் லேத்தும் டிரில்லிங் மிஷினும் வைத்திருக்கிற என் தாய்மாமன் ஒருநாள் ராத்திரி எண்ணெய்க் கறை படிந்த ஒரு தாளை என் முன்னால் விரித்தார். "மாப்ள, நீதான் எழுத்துக்கு எழுத்து அர்த்தம் சொல்றவனாச்சே. நான் பண்ண தப்பு இதுல எங்க எழுதியிருக்குன்னு காட்டு பாக்கலாம்" என்றார்.

விஷயம் இதுதான். சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று 200 இரும்பு பிளேட்டுகளை வெட்டி அனுப்பி, ஆளுக்கு நான்கு துளை போட்டுத் தரச் சொல்லியிருக்கிறது. பிளேட் 150 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம். துளை 11 மி.மீ. இடது ஓரத்திலிருந்து 25, கீழ் ஓரத்திலிருந்து 25 என்று தொடங்கி நான்கு துளைகளுக்கும் ஓரங்களிலிருந்து தூரம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ± 0.1 என்று போட்டிருந்தது. மாமா ஜிக் செய்து, ஒரே மாதிரி இருநூறும் போட்டு அனுப்பினார். 38 பிளேட் திரும்பி வந்தன. துளையிட்ட கூலி கிடையாது என்பதோடு போகவில்லை, பிளேட்டின் விலையையும் பில்லில் கழித்துக்கொண்டார்கள். மாமா திரும்பி வந்ததில் ஒன்றைத் தரையில் வைத்து, இன்னொன்றை அதன்மேல் வைத்து, பத்து மி.மீ. போல்ட் நான்கை எடுத்துப் போட்டுக் காட்டினார். சுத்தியல் தேவைப்படவில்லை. நான்கும் விரலாலேயே இறங்கின. 'வேலைக்கு ஆகாது' என்று தள்ளப்பட்ட பொருள் என் கண்முன்னால் வேலைக்கு ஆகிக்கொண்டிருந்தது.

பொருள் சரியாக இருக்கிறது, பிரதியின்படி தப்பாக இருக்கிறது என்றால் குறை பிரதியில் இருக்க வேண்டும். அப்புறம் சில மாதம் மாமாவோடும் அவர் தேடித் தந்த புத்தகங்களோடும் உட்கார்ந்து நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ± குறி. உலகத்தில் எவனாலும் சரியாக 25 மி.மீ. செய்ய முடியாது. அளக்கும் கருவி நுட்பமாக ஆக ஆகப் பிசகு தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே 25 என்று மட்டும் எழுதுவது ஒரு ஆசை. 25 ± 0.1 என்று எழுதினால்தான் அது ஒரு வாக்கியம்: 24.9-இலிருந்து 25.1 வரை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். பட்டறையில் இதை டாலரன்ஸ் என்கிறார்கள். நான் இதற்குப் பொறை என்ற சொல்லை வைத்துக்கொள்கிறேன். குறளில் பொறையுடைமைக்கு ஒரு அதிகாரமே இருக்கிறது. 'பொறு' என்ற வினைக்குத் தமிழில் மன்னிப்பது என்றும் பொருள், சுமப்பது என்றும் பொருள். பொறை, பொறுமை, பொறுப்பு மூன்றும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. எவ்வளவு பிசகைப் பொறுத்துக்கொள்வது என்ற கேள்வியும் பிசகுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் நம் மொழியில் பக்கத்துப் பக்கத்து வீடுகள். எஞ்சினியரிங் பாடப்புத்தகம் முதல் கேள்வியை மட்டும் நடத்திவிட்டு மணி அடித்துவிடுகிறது.

வரலாற்றில் இரண்டு கேள்வியும் சேர்ந்தேதான் பிறந்திருக்கின்றன. கொல்லனே கடையாணியும் செய்து வண்டியிலும் பூட்டிய காலத்தில் பொறைக்குத் தேவை இல்லை. இறுக்கமாக இருந்தால் இரண்டு இழுப்பு ராவுவான், ஆட்டம் இருந்தால் தகடு செருகுவான். செய்பவனும் பொருத்துபவனும் வேறுவேறு ஆளாகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போகும்போதுதான் எழுத்தில் எல்லை வேண்டியிருக்கிறது. 1785-இல் பாரிசில் ஒனொரே பிளாங்க் என்ற துப்பாக்கித் தொழில்காரர், எந்த உறுப்பை எடுத்தாலும் எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்துகிற மாதிரி விசைப்பகுதிகளைச் செய்து காட்டினார். அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜெஃபர்சன் குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்துவிட்டு ஊருக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கதையின் பளபளப்பான பக்கம் இது. மறுபக்கத்தைக் கென் ஆல்டர் என்ற வரலாற்றாசிரியர் 1997-இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சுப் பீரங்கிப் படையின் எஞ்சினியர்களுக்கும் துப்பாக்கி செய்த கைவினைஞர்களுக்கும் விலை, தரம், தள்ளுபடி பற்றி வருடக்கணக்காக நடந்த இழுபறியின் விளைவுதான் டிராயிங்கும் கேஜும் பொறையும் என்பது அவர் வாதம். அதாவது பொறை என்பது கணக்கு வாத்தியார் கண்டுபிடித்ததல்ல, ஒரு சண்டையில் ஏற்பட்ட உடன்படிக்கை. 'எனக்குத் திருப்தி இல்லை' என்று அதிகாரி ஒரு பொருளைத் தள்ளுவதற்கும் 'எல்லைக்கு வெளியே இருக்கிறது' என்று தள்ளுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் தொழிலாளி எதிர்த்துப் பேச ஒரு எழுத்து இருக்கிறது. எனவே தரப்படுத்துதல் என்றாலே அதிகாரம் என்று ஒரே போடாகப் போடுகிற தோழர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எழுத்து இருப்பது தொழிலாளிக்கு நல்லது. எழுத்து அரைகுறையாக இருப்பதுதான் கெட்டது.

± எங்கே அரைகுறை? மாமாவின் பிளேட்டுக்கே வருவோம்.

இடது ஓரத்திலிருந்து 25 என்று போட்டிருக்கிறதே, ஓரம் என்றால் எது? தாளில் அது நேர்கோடு. கீழ்க்கோட்டோடு சரியாக 90 டிகிரி. இரும்பில் அது ஷியரிங் மிஷின் கடித்து வெட்டிய ஒரு முகம், கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும். நம் ஊரில் ராஜகோபுரம் 217 அடி என்று எல்லோரும் சொல்கிறோம். எங்கிருந்து? தெருவிலிருந்தா, கல் உபபீடத்திலிருந்தா, கலசத்தைச் சேர்த்தா விட்டா? பெருமைக்குச் சொல்லும்போது அது தேவையில்லை, செய்யும்போது தேவை. இந்த 'எங்கிருந்து' என்பதைப் பட்டறைப் பாஷையில் டேட்டம் என்கிறார்கள். ± டிராயிங் டேட்டத்தைச் சொல்வதில்லை, வாசிப்பவனே ஊகித்துக்கொள்ள விடுகிறது. மாமா நீளமான கீழ் ஓரத்தை இரண்டு பின்னில் உட்காரவைத்து, இடது ஓரத்தை ஒரு பின்னில் முட்டவைத்துத் துளை போட்டார். எந்த டர்னரும் அப்படித்தான் பிடிப்பான், நீளமான பக்கம்தானே நிலையாக உட்காரும். கம்பெனியின் அளவை மிஷின்காரர் இடது ஓரத்தை முதலில் எடுத்து, கீழ் ஓரத்தை அப்புறம் தொட்டிருக்கிறார். ஓரங்கள் ஒன்றுக்கொன்று சரியான மூலைமட்டத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றுதான். 100 மி.மீ. உயரத்தில் 0.3 மி.மீ. சாய்ந்திருந்தால், இடது ஓரத்தை நேராக வைத்துப் பார்க்கும்போது 125 மி.மீ. தள்ளியிருக்கிற வலது துளைகள் 0.37 மி.மீ. ஏறியோ இறங்கியோ தெரியும். துளை நகரவில்லை, பார்த்தவன் நகர்ந்தான்.

இதைவிட வேடிக்கை தாளின் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. தனியாகப் பொறை குறிக்காத அளவுகளுக்கு ஐ.எஸ். 2102, நடுத்தர வகுப்பு என்று. இந்தியத் தரக் கழகத்தின் இந்தத் தரம் உலகத் தரம் 2768-ஐ ஒட்டியது. அதன் அட்டவணையைத் தேடிப் பார்த்தோம். குறித்திராத 90 டிகிரிக்கும் அது பொருந்தும், குட்டையான பக்கம் 100 மி.மீ. என்றால் கோணம் 20 நிமிடம் வரை பிசகலாம். கணக்குப் போட்டால் 100 மி.மீ.-க்கு 0.58 மி.மீ. சாய்வு. ஆக, ஓரம் அரை மி.மீ.-க்கு மேல் சாயலாம் என்று அனுமதித்த அதே தாள், அந்த ஓரத்திலிருந்து பத்தில் ஒரு மி.மீ. சுத்தமாகத் துளை வேண்டும் என்று கேட்கிறது. தன்னைத்தானே மறுத்துக்கொள்கிற பிரதி. ஓரத்தை வெட்டி அனுப்பியது கம்பெனி. சாய்வு அவர்களுடையது, பில் மாமாவுடையது.

போல்ட் ஏன் இறங்கியது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. போல்ட்டுக்கு ஓரத்தைப் பற்றி அக்கறை கிடையாது. அதற்கு வேண்டியதெல்லாம் நான்கு துளைகளும் ஒன்றுக்கொன்று சரியாக இருப்பது. ஜிக்கில் போட்டதால் அது சரியாகவே இருந்தது. துளைக் கூட்டத்தின் உள்உறவு ஒன்று, அந்தக் கூட்டத்துக்கும் ஓரத்துக்கும் உள்ள உறவு இன்னொன்று. ± டிராயிங்கில் இரண்டையும் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

தொடர்ச்சியாக அளவு போடுவதிலும் ஒரு கண்ணி உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். வரிசையாக ஆறு துளை, அடுத்தடுத்த துளைக்கு இடையே 100 ± 0.2 என்றால், முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் இடையே ± 1 மி.மீ. வரை போய்விடும். ஒவ்வொரு இடைவெளியும் யோக்கியம், மொத்தம் அயோக்கியம்.

இனி சதுரத்தின் கதை. குறுக்கே ± 0.1, நெடுக்கே ± 0.1 என்று போட்டால் துளையின் மையம் இருக்க அனுமதிக்கப்பட்ட இடம் 0.2 பக்கமுள்ள ஒரு சதுரம். சதுரத்தின் மூலையில் போய் உட்கார்ந்தால் நினைத்த இடத்திலிருந்து 0.141 மி.மீ. தூரம். பாஸ். நேர் குறுக்காக 0.12 நகர்ந்தால் தூரம் 0.12 மட்டுமே. ஃபெயில். தூரத்தில் இருப்பவன் உள்ளே, பக்கத்தில் இருப்பவன் வெளியே. போல்ட் உருண்டை, துளை உருண்டை, அவற்றுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். மூலையை அனுமதிக்க முடியுமென்றால் மூலைகளைத் தொட்டுச் செல்கிற வட்டம் முழுவதையும் அனுமதித்திருக்க வேண்டும். அந்த வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 சதவீதம் அதிகம். எந்த நியாயமும் இல்லாமல், வெறும் எழுத்துமுறையின் காரணமாக மட்டுமே தொழிலாளிக்கு மறுக்கப்படுகிற இடம் இது. திரும்பி வந்த பிளேட்டுகளில் சில இந்த இடத்தில் விழுந்தவை.

இதை முதலில் கவனித்தவராகச் சொல்லப்படுபவர் ஸ்டான்லி பார்க்கர். ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டிரியா ஊரில் கடற்படைக்கான டார்ப்பிடோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய வருடங்களில், தள்ளப்பட்ட உறுப்புகள் நன்றாகவே பொருந்துவதைப் பார்த்து, 'உண்மையான இடம்' என்ற கருத்தை 1938 வாக்கில் உருவாக்கி, 1940-இல் ஒரு சிறு வெளியீடும் 1956-இல் ஒரு நூலும் எழுதினார். துளையின் நினைத்த மையத்தைச் சுற்றி ஒரு வட்டம், மையம் அதற்குள் இருந்தால் போதும் என்பதுதான் சாரம். அதோடு இன்னொன்று: துளை கொஞ்சம் பெரிசாகிவிட்டால் அந்த அளவுக்கு அது நகர்ந்துபோகவும் இடம் கொடுக்கலாம், போல்ட் அப்போதும் நுழையும். ± முறையில் அளவு ஒரு பெட்டி, இடம் ஒரு பெட்டி, நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது. மாமாவின் பிளேட்டில் 11 மி.மீ. துளை, 10 மி.மீ. போல்ட். ஒவ்வொரு பிளேட்டிலும் துளை எந்தப் பக்கம் அரை மி.மீ. விலகினாலும் பூட்டலாம். டிராயிங் போட்டவர் ஏன் பத்தில் ஒன்று கேட்டார்? தன் தேவையைச் சொல்ல மொழி இல்லாதவன் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிப்பான். நமது நீதிக் கவிதைகள் ஞாபகம் வருகின்றன, அதை இங்கே வளர்க்க வேண்டாம். பயம்தான் பல டிராயிங்குகளில் அந்தக் கடைசி தசமத்தை எழுதுகிறது. அந்தப் பயத்துக்கு மிஷின் நேரமாகவும் கழிவாகவும் விலை கொடுப்பவன் வேறு ஒருவன்.

மூன்றாவது மௌனம் வடிவம். 20 ± 0.1 விட்டமுள்ள ஒரு கம்பி, நடுவில் அரை மி.மீ. வளைந்திருக்கிறது. வெர்னியரை எங்கே வைத்தாலும் 20 காட்டும். இது சரியா தப்பா? அமெரிக்க எஞ்சினியர் சங்கத்தின் ஒய் 14.5 தரத்தின்படி தப்பு: 20.1 விட்டமுள்ள நேரான குழாய்க்குள் அது நுழைய வேண்டும், நுழையாது. உலகத் தரமான 8015-இன்படி, 2011-க்குப் பிறகு, வேறு குறிப்பு இல்லாவிட்டால் அளவு வேறு வடிவம் வேறு: விட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கம்பி சரி. ஒரே எண், ஒரே குறி, இரண்டு இலக்கணம். எந்த இலக்கணம் என்பதைத் தாளின் மூலையில் ஒரு வரி சொல்லும், அல்லது சொல்லாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து கைமாறிக் கைமாறி வருகிற ஜாப்புகளில் ஜெர்மன் தாளும் இருக்கும் அமெரிக்கத் தாளும் இருக்கும், நடுவில் யாரோ டிரேஸ் எடுத்துத் தலைப்புக் கட்டத்தை வெட்டிவிட்டிருப்பார்கள். ஒரு குறி எதைக் குறிக்கிறது என்பது அந்தக் குறிக்குள் இல்லை, அது சேர்ந்திருக்கும் அமைப்பில் இருக்கிறது என்று சொசூரை வைத்து நாம் வகுப்பெடுப்போமே, அதை ஒரு டர்னர் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்.

சரி, இவ்வளவு ஓட்டையுள்ள எழுத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ரயிலும் பாய்லரும் எப்படி ஓடின? எழுத்து சொல்லாததைக் கை சொன்னது, அதனால் ஓடின. பெரம்பூரில் 1955-இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கியபோது சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் ஊர்க் கம்பெனியின் வடிவமைப்பு வந்தது என்றால், டிராயிங் மட்டும் கப்பலேறி வரவில்லை, அதை வாசிக்கக் கற்பிக்கிற ஆட்களும் வந்தார்கள். பெரிய ஆலைகளில் டிராயிங் ஆபீசும் ஷாப்பும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. "இந்த முகத்த வச்சுப் புடிக்கவா, அந்த முகத்த வச்சா?" என்று ஃபிட்டர் நடந்துபோய்க் கேட்க முடிந்தது. கேட்கத் தேவையே இல்லாதபடி, இந்த உறுப்பு எங்கே போய்ப் பூட்டப்படுகிறது என்பது அவருக்குத் தெரியும், அவர்தானே போன வாரம் பூட்டினார். ± குறிக்குப் பின்னால் நின்ற இந்த அறிவு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை, சம்பளத்தில் கணக்கில் வரவும் இல்லை. வேலையை வெளியே துண்டுதுண்டாகக் கொடுக்கத் தொடங்கியபோது கம்பெனிகள் தாளை வெளியே அனுப்பின, காம்பவுண்டை அனுப்ப முடியவில்லை. என் மாமாவுக்கு அந்த பிளேட் எந்த மிஷினில் எங்கே உட்காருகிறது என்று இன்றுவரை தெரியாது. தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள். தெரியாததைச் சரியாக ஊகிக்காததுதான் அவர் குற்றம்.

இங்கே தேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இந்த ஊர்க்காரன் சொல்லாமல் இருக்க முடியாது. திருவாரூர் ஆழித்தேர் உள்படப் பல கோயில் தேர்களுக்குத் திருச்சி பெல் ஆலை இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து கொடுத்திருக்கிறது. மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குகிற மரம் மேலே, கடைசல் சுத்தமுள்ள இரும்பு கீழே. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3000 மி.மீ., இருபக்கச் சக்கரங்களுக்கு இடையேயும் அதே 3000. அச்சிடைத் தூரத்துக்குத் தாராளமாக ± 5 கொடுக்கிறோம். இடது பக்கம் 3005, வலது பக்கம் 2995 வந்தால் இரண்டும் பாஸ். ஆனால் முன் அச்சு கோணிக்கொண்டது. வழுக்காமல் உருண்டால் அந்தத் தேர் 100 மீட்டர் ஓட்டத்தில் ஐந்தரை மீட்டர் ஒரு பக்கமாக ஒதுங்கும். மாட வீதியில் அவ்வளவு தூரத்தில் ஒரு கடையோ திண்ணையோ நிச்சயம் இருக்கும். இந்த இடத்தில் வேண்டியது தூரத்தின் பொறை அல்ல, இரண்டு அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதன் பொறை. அதை ± சொல்லாது. சொல்லாததைக் கார்த்திகை ஏழாம் நாள் யார் சொல்கிறார்கள்? சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நகர்ந்து, சரியான நொடியில் முட்டுக்கட்டையைக் கொடுத்துக் கையை இழுத்துக்கொள்கிற ஆட்கள். தாளில் விடுபட்டது அவர்கள் விரல்களுக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது.

தேர் என்றதும் ஸ்தபதி ஞாபகத்துக்கு வருவார். மானசாரம் முதலான சிற்ப நூல்கள் சிலை செய்ய ஆறு வகை அளவு சொல்கின்றன. உயரம், அகலம், கனம், சுற்றளவு, இடைவெளி என்பவற்றோடு ஆறாவது லம்பமானம்: தூக்குநூல் விட்டு, நடுவே ஓடும் பிரம்மசூத்திரக் கோட்டிலிருந்து மூக்கு எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று அளப்பது. எங்கிருந்து என்ற கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிட்டுத் தொடங்குகிற முறை இது. மாமாவுக்கு இதைச் சொன்னபோது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவங்களுக்கு ரிஜெக்‌ஷன் இருந்திருக்காது" என்றார். உடனே அன்றே டேட்டம் கண்டான் தமிழன் என்று கிளம்புகிறவர்களுக்கு இதை எடுத்துக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. ஸ்தபதியிடம் டேட்டம் இருந்தது, எண்ணால் எழுதிய பொறை இல்லை. ஒரு சிலையின் கையை இன்னொரு சிலைக்குப் பூட்ட வேண்டிய தேவை அங்கே எழவில்லை. அளந்தவரும் செதுக்கியவரும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள். அந்தக் கொட்டகைக்குள் யார் நுழையலாம், யார் நுழையக் கூடாது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பார்க்கர் தொடங்கிவைத்தது பிறகு ஒரு முழு எழுத்துமுறையாக வளர்ந்தது. உலகத் தரம் 1101-இன் முதல் வடிவம் 1969-இல் வந்தது. இந்தியாவில் ஐ.எஸ். 8000. டிராயிங்கில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, முதல் அறையில் ஒரு குறி, அடுத்ததில் பொறை, அதற்கடுத்து எந்த முகத்தை முதலில் பிடிப்பது, எதை இரண்டாவது என்று எழுத்துகள். வட்டத்துக்குள் சிலுவைக்கோடு என்றால் இடம். தலைகீழாக நிற்கிற டி எழுத்து என்றால் செங்குத்து. சாய்ந்த இரட்டைக் கோடு என்றால் இணை. சாய்ந்த கட்டம் என்றால் மட்டம். மாமாவின் பிளேட்டை இதில் எழுதினால்: கீழ் ஓரம் முதலில், இடது ஓரம் அப்புறம், துளைகள் ஒன்றுக்கொன்று இந்த வட்டத்துக்குள், ஓரத்தைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய வட்டத்துக்குள். கம்பெனியில் மிஷின்காரர் வேறு ஓரத்தைப் பிடிக்க முடியாது, பிடித்தால் தப்பு அவருடையது.

எனக்கு இதில் வேறு ஒன்று முக்கியமாகப் பட்டது. பழைய டிராயிங்குகளில் எண்ணுக்கு அடங்காததை எல்லாம் ஓரத்தில் ஆங்கில வாக்கியமாக எழுதுவார்கள். அந்த வாக்கியத்தில் ஒரு இடைச்சொல் புரியாமல் தடுக்கி விழுந்த ஐ.டி.ஐ. பையன்கள் எத்தனையோ பேர். தமிழ் வழியில் படித்து வந்தவன் பட்டறையில் தலைகுனிந்த இடம் எந்திரம் அல்ல, அந்த வாக்கியம். இந்தக் குறிகள் யாருடைய தாய்மொழியும் அல்ல. ஒரகடத்து எஞ்சினியருக்கும் செங்கம் ரோட்டு டர்னருக்கும் அவை ஒரே அளவு அந்நியம், ஒரே அளவு சொந்தம். எந்திரப் படிப்பில் மொழிப் பிரச்சினை பற்றிப் பேசுகிற நம் நண்பர்கள் கலைச்சொல்லோடு நின்றுவிடுகிறார்கள், இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஆனால் குறி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. எந்த முகம் முதல் என்று தீர்மானிப்பது வரைகிறவன் கையில்தான் இருக்கிறது. உறுப்பு எங்கே பூட்டப்படுகிறது என்று யோசிக்காமல், கட்டங்களை அலங்காரத்துக்கு அள்ளித் தெளித்த டிராயிங்குகளையும் மாமா காட்டினார். சரிபார்க்க கேஜ் வேண்டும், இல்லையென்றால் மூன்று திசையில் தொட்டு அளக்கிற சி.எம்.எம். மிஷின் வேண்டும். சின்னப் பட்டறைக்காரன் அதை வாங்க முடியாது, வெளியே கொடுத்து அளந்தால் கூலி அதற்கே போய்விடும். அளக்கிற கண் ஒரு பக்கமே இருக்கும்வரை எழுத்து எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இழுபறி இருக்கும். தொழிற்சங்கங்களும் சிறுதொழில் சங்கங்களும் கூலி ரேட்டைப் பற்றிப் பேசுகிற அதே உஷ்ணத்தோடு வேலை ஆர்டரின் இந்தக் கேள்விகளையும் பேச வேண்டும். என்ன விலைக்கு என்பதோடு, எந்த ஓரத்திலிருந்து, யார் வெட்டிய ஓரம், யார் அளப்பது, தள்ளினால் எதைக் காட்டித் தள்ளுவது என்பதெல்லாம் கூலிப் பிரச்சினைகள்தான்.

மாமா இப்போது புது டிராயிங் வந்தால் மிஷினை ஓட்டுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறார். எந்த ஓரத்தை முதலில் பிடிக்க. துளை ஓரத்துக்கு முக்கியமா, ஒன்றுக்கொன்று முக்கியமா. நீங்கள் வெட்டி அனுப்பும் ஓரத்தை யார் பார்த்துச் சரி சொல்வது. தமிழிலேயே எழுதுகிறார். கடைசியாக இப்படி இரண்டு ஜாப் வந்தன. ஒரு கம்பெனியிலிருந்து ஒரு பையன் போன் செய்து அரைமணி நேரம் பேசி, திருத்திய தாளைக் கட்டங்களோடு அனுப்பினான். இன்னொரு கம்பெனியில், "மத்தவங்கல்லாம் ஒண்ணும் கேக்காமத்தான செய்றாங்க" என்று சொல்லி வேலையை வேறு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த 38 பிளேட்டுக்குக் கழித்த பணம் வரவில்லை.